திருச்சபைச் சட்டத் தொகுப்பு: வாங்குமுன் எண் 700-ஐத் திறந்து பாருங்கள்

கத்தோலிக்கத் திருச்சபையின் சட்டத் தொகுப்பைப் புதிதாக வாங்கினாலும் பழைய புத்தகமாகக் கிடைத்தாலும், முதலில் எண் 700-ஐத் திறந்து பாருங்கள். துறவற சபையிலிருந்து ஒருவரை நீக்கும் ஆணையைப் பற்றிய சட்டம் அது. முறையீடு செய்ய உரிமை உண்டு என்பதை அந்த ஆணையிலேயே எழுதியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஆணை செல்லாது என்கிறது. முறையிடுவதற்கான கெடு 10 நாள் என்று அச்சாகியிருந்தால் உங்கள் பிரதி பழையது. 30 நாள் என்றிருந்தால் 2023-இல் வந்த திருத்தம் அதில் ஏறியிருக்கிறது. ஒரு துறவியின் வாழ்நாள் அர்ப்பணிப்பே அந்தக் கெடுவைப் பொறுத்திருக்கும்போது, எந்தப் பிரதியைப் பார்த்து ஆணை தட்டச்சு செய்கிறோம் என்பது சின்ன விஷயம் இல்லை.

தொகுப்பைப் பற்றிச் சுருக்கமாக. திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1983 ஜனவரி 25 அன்று வெளியிட்டு, அதே ஆண்டு நவம்பர் 27 அன்று நடைமுறைக்கு வந்தது. ஏழு நூல்கள், 1752 சட்டங்கள். இதற்கு முந்தைய 1917-ஆம் ஆண்டுத் தொகுப்பில் 2414 சட்டங்கள் இருந்தன. பொதுவிதிகள் முதல் நூலில். ஆயர், பங்கு, துறவு, பொதுநிலையினர் (குருவோ துறவியோ அல்லாதவர்கள்) எல்லாம் இரண்டாம் நூலில். மூன்றாவது போதிக்கும் பணி. கல்விக்கூடங்களும் பல்கலைக்கழகங்களும் இங்கேதான் வருகின்றன. நான்காவது அருள்சாதனங்கள் (திருமுழுக்கு, திருமணம் போன்ற திருச்சடங்குகள்), ஐந்தாவது சொத்து, ஆறாவது தண்டனை, ஏழாவது வழக்கு நடைமுறை. வாக்கியங்கள் குறுகியவை, வீண் சொல் இல்லை. எண் தெரிந்தால் அரை நிமிடத்தில் இடத்தைப் பிடித்துவிடலாம். ஒரு சட்டநூலாக இதன் கட்டமைப்பைக் குறை சொல்ல முடியாது.

குறை வேறோர் இடத்தில் இருக்கிறது. சட்டம் மாறினாலும் எண் பெரும்பாலும் மாறுவதில்லை. 1752 என்ற மொத்தம் இன்றும் அப்படியேதான் இருக்கிறது. அதனால் 1983-இல் அச்சான பிரதியும் இப்போது அச்சாகும் பிரதியும் மேலோட்டமாகப் பார்த்தால் ஒன்று போலவே தெரியும். பதிப்பகங்கள் அட்டையில் போடும் ‘திருத்திய பதிப்பு’ என்ற வரியை நம்ப வேண்டாம். பல நேரம் அது மொழிபெயர்ப்பைத் திருத்தியதைத்தான் சொல்லும், சட்டத்தைத் திருத்தியதை அல்ல. சில குறிப்பிட்ட எண்களைத் திறந்து பார்ப்பதே நம்பகமான சோதனை.

எண் 1683 திருமண வழக்குக்கான, அதாவது ஒரு திருமணம் செல்லாது என்று அறிவிக்கக் கோரும் வழக்குக்கான சோதனை. ஆயரே நேரில் தீர்ப்பளிக்கும் சுருக்க வழக்குமுறையைப் பற்றி அங்கே இருந்தால், ‘மீத்திஸ் யூதெக்ஸ்’ என்ற திருத்தந்தையின் மடல் கொண்டுவந்த திருத்தம் ஏறிய பிரதி. அந்த மடல் 2015 டிசம்பர் 8 முதல் நடைமுறையில் இருக்கிறது. 1671 முதல் 1691 வரை உள்ள பகுதி முழுவதையும் அது புதிதாக எழுதிவிட்டது. பழைய பிரதியோடு வழக்குத் தொடுக்கப் போகிறவர் இரண்டு இடத்தில் தடுமாறுவார். எந்தத் தீர்ப்பாயத்துக்குப் போவது என்பது முதலாவது. முன்பு மனுதாரர் தாம் வாழும் இடத்துத் தீர்ப்பாயத்தை நாட நிபந்தனைகள் இருந்தன. இப்போது எண் 1672-இன்படி திருமணம் நடந்த இடம், இருவரில் யாரேனும் ஒருவரின் நிலையான அல்லது தற்காலிக உறைவிடம், பெரும்பாலான சான்றுகளைத் திரட்ட வேண்டிய இடம் ஆகிய மூன்றில் எதையும் தேர்ந்துகொள்ளலாம். இரண்டாவது, திருமணம் ‘செல்லாது’ என்ற முதல் தீர்ப்பு தானாகவே மேல்நிலைக்குப் போய் இன்னொரு தீர்ப்பாயம் உறுதி செய்யக் காத்திருந்த பழைய முறை. அது இப்போது இல்லை. முறையீட்டுக்கான 15 நாள் கழிந்தும் யாரும் முறையிடாவிட்டால் முதல் தீர்ப்பே நடைமுறைக்கு வரும். இது தெரியாமல் இரண்டாவது தீர்ப்புக்காகக் காத்திருந்தால் ஆண்டுகள் வீணாகும்.

எண் 1108-இல் மூன்றாவது பத்தி இருக்கிறதா என்று பாருங்கள். 2016-இல் இந்த இலத்தீன் திருச்சபைத் தொகுப்பையும், கிழக்குத் திருச்சபைகளுக்கான (உரோமையோடு ஒன்றித்து, தனி வழிபாட்டு முறையைப் பின்பற்றும் கத்தோலிக்கத் திருச்சபைகள்) தனித் தொகுப்பையும் இசைவிக்க வந்த திருத்தத்தில் சேர்ந்தது அது. மணமக்கள் இருவரும் கிழக்குத் திருச்சபையினராக இருந்தாலும், ஒருவர் இலத்தீன், மற்றவர் கிழக்கு என்று இருந்தாலும், குரு மட்டுமே செல்லுபடியாகத் திருமணத்தை முன்னின்று நடத்த முடியும். இலத்தீன் முறையில் திருத்தொண்டரும் (குருவுக்கு அடுத்த நிலையில் இருப்பவர்) திருமணம் நடத்தலாம் என்பதால் இங்கே பிசகு எளிதில் நேரும். பழைய பிரதியை நம்பி இப்படியொரு கலப்புத் திருமணத்தைத் திருத்தொண்டரிடம் ஒப்படைத்தால், அழகாக நடந்த அந்தத் திருமணம் சட்டப்படி செல்லாததாகிவிடும். பத்தியே இல்லாத பிரதி வாசகரை எச்சரிக்கவும் முடியாது. பழைய பிரதிகளில் மிக ஆபத்தான ஓட்டை இதுதான்.

எண் 579-இல், ஆயர் புதிய துறவற சபையை நிறுவுமுன் திருப்பீடத்தின் (உரோமையிலுள்ள திருத்தந்தையின் தலைமை ஆட்சி) எழுத்துபூர்வ முன்அனுமதி வேண்டும் என்றிருக்க வேண்டும். திருப்பீடத்தைக் கலந்து பேசினால் போதும் என்றிருந்தால் அது 2020 நவம்பருக்கு முந்தையது. எண் 230-இன் முதல் பத்தி பொதுநிலை ஆண்களை மட்டும் குறிப்பிட்டால் 2021 ஜனவரிக்கு முந்தையது. வழிபாட்டில் திருநூல் வாசிக்கும் வாசகர், பீடத்தில் உதவும் பீடத்துணைவர் ஆகிய பணிகள் அப்போதுதான் பெண்களுக்கும் திறந்தன. துறவி ஒருவர் சபை இல்லத்துக்கு வெளியே வாழ உயர்தலைவர் தரும் அனுமதி எண் 686-இல் 3 ஆண்டு என்றிருந்தால் 2022-க்கு முந்தையது. இப்போது 5 ஆண்டு.

ஆறாம் நூலுக்குத் தனியாக நேரம் ஒதுக்க வேண்டும். ‘பாஷித்தே கிரேஜெம் தேயி’ என்ற ஆணையால் 1311 முதல் 1399 வரை உள்ள 89 சட்டங்கள் 2021 டிசம்பர் 8 முதல் புதிய வடிவில் வந்தன. அவற்றில் 63 சட்டங்களின் வாசகம் மாறியது, சில இடம் பெயர்ந்தன. இங்கே எண்ணை மனப்பாடம் செய்து வைத்திருப்பவர்தான் முதலில் சறுக்குவார். பல பத்தாண்டுகளாக எண் 1398 என்றால் கருக்கலைப்பு. இப்போது கருக்கலைப்பு 1397-இன் இரண்டாம் பத்திக்குப் போய்விட்டது. 1398 சிறார் மீதான பாலியல் குற்றங்களைப் பற்றியது. திருச்சபையில் பதவியோ பொறுப்போ வகிக்கும் பொதுநிலையினரும் அதன் இரண்டாம் பத்தியின் கீழ் வருகிறார்கள். பள்ளி, விடுதி, கல்லூரி நடத்துவோர் கட்டாயம் படித்திருக்க வேண்டிய பத்தி அது. பாவசங்கீர்த்தன இரகசியத்தை மீறும் குற்றம் 1388-இலிருந்து 1386-க்கு வந்திருக்கிறது. திருச்சபைச் சொத்தைத் திருடுவதும், தேவையான கலந்தாய்வோ இசைவோ அனுமதியோ இல்லாமல் விற்பதும் புதிய 1376-இல் தண்டனைக்குரிய குற்றங்கள். பழைய கட்டுரைகள், வகுப்புக் குறிப்புகள், இணையத்தில் சுற்றும் விளக்கங்கள் எல்லாவற்றிலும் பழைய எண்களே நிறைந்திருக்கின்றன. அங்கிருந்து எண்ணை எடுத்துக்கொண்டு புதிய தொகுப்பைத் திறந்தால் சம்பந்தமே இல்லாத குற்றத்தில் போய் நிற்பீர்கள்.

இவ்வளவு சொன்ன பிறகும், பழைய பிரதியைத் தூக்கி எறியாதீர்கள். சட்டம் எதிர்காலத்தைப் பார்ப்பது, கடந்ததை அல்ல என்கிறது எண் 9. ஒரு திருமணம் செல்லுமா செல்லாதா என்பதை அது நடந்த நாளில் இருந்த சட்டத்தைக் கொண்டுதான் பார்க்க வேண்டும். 1086, 1117, 1124 ஆகிய மூன்று எண்களிலும் முறையான செயலால் திருச்சபையை விட்டு விலகியவருக்கு அந்தத் திருமண விதிகளிலிருந்து ஒரு விதிவிலக்கு இருந்தது. 2009-இல் கையெழுத்தான ‘ஓம்னியும் இன் மென்தெம்’ மடல் அதை நீக்கியது. அப்படி விலகிய ஒருவர் 2005-இல் திருமுழுக்குப் பெறாத ஒருவரைப் பதிவு அலுவலகத்தில் மணந்திருந்தால், இன்றைய வாசகத்தை மட்டும் வைத்துக்கொண்டு அது செல்லாது என்று எழுதிவிடக் கூடாது. அன்றைய வாசகம் வேறு முடிவைத் தரும். தண்டனைச் சட்டத்திலும் அப்படியே: குற்றத்துக்குப் பின் சட்டம் மாறினால் குற்றவாளிக்குச் சாதகமானதையே பயன்படுத்த வேண்டும் என்பது எண் 1313. எனவே ஒரு தீர்ப்பாயத்தின் அலமாரியில் பழையதும் புதியதும் அருகருகே இருக்க வேண்டும், முதுகில் ஆண்டு தெளிவாக எழுதி.

சரியான பிரதி கிடைத்த பின்னும் நேராகத் தேவையான எண்ணுக்குப் பாயாதீர்கள். முதல் நூலின் 203 சட்டங்களில் சிலவற்றையாவது படிக்காமல் மற்ற ஆறு நூல்களைப் புரிந்துகொள்ள முடியாது. எண் 10: ஒரு சட்டம் வெளிப்படையாகச் சொன்னால்தான் செயல் செல்லாததாகும். ‘கூடாது’ என்றிருப்பதெல்லாம் ‘செல்லாது’ என்று பொருள்படாது. எண் 127: சட்டம் இசைவைக் கேட்டால், அது கிடைக்காமல் தலைவர் செய்வது செல்லாது. ஆலோசனையைக் கேட்டால், கேட்காமல் செய்வதுதான் செல்லாது. கேட்டபின் அதற்கு மாறாக முடிவெடுக்க அவருக்கு உரிமை உண்டு. நிர்வாகக் குழுக்களில் வரும் சச்சரவில் பெரும்பகுதி இந்த வேறுபாடு தெரியாததால் வருவது. எண் 1277 ஒன்றிலேயே இரண்டும் இருக்கின்றன. மறைமாவட்டத்தின் முக்கியமான நிர்வாகச் செயல்களுக்கு ஆயர் நிதிக்குழுவையும் ஆலோசகர் குழுவையும் கேட்க வேண்டும். அசாதாரண நிர்வாகச் செயல்களுக்கு அதே குழுக்களின் இசைவைப் பெற வேண்டும். மொழிபெயர்ப்பில் இந்த இரண்டு சொல்லும் கலங்கியிருந்தால் அந்தப் பதிப்பை வாங்காதீர்கள். பதிப்புகளைத் தரம் பிரிக்க இதைவிட நல்ல உரைகல் இல்லை.

நாள் கணக்கு இன்னொரு குழி. எண் 203-இன்படி, சட்டம் வேறு சொன்னாலன்றி, முதல் நாளைக் கணக்கில் சேர்ப்பதில்லை, கடைசி நாளைச் சேர்க்க வேண்டும். எண் 201 இரண்டு வகைக் காலத்தைப் பிரிக்கிறது: இடைவிடாமல் ஓடும் காலம் ஒன்று, உரிமை இருப்பது தெரியாதவருக்கும் செயல்பட முடியாதவருக்கும் ஓடாமல் நிற்கும் காலம் மற்றொன்று. இரண்டாவதை இலத்தீனில் ‘தெம்புஸ் ஊத்திலே’ என்பார்கள். ஆயரின் ஆணையை எதிர்த்து மேலே போக விரும்புகிறவர், முதலில் அந்த ஆணையை இட்டவரிடமே அதைத் திரும்பப் பெறும்படி எழுத்தில் கேட்க வேண்டும். அதற்கு 10 நாள் என்கிறது எண் 1734. அதன்பின் மேலதிகாரியிடம் முறையிட எண் 1737 தரும் கெடு 15 நாள். இரண்டுமே ‘ஊத்திலே’ வகை. முதல் படியைத் தாண்டி நேராக உரோமைக்கு எழுதுவதுதான் அடிக்கடி நடக்கும் பிழை. நியாயம் முழுவதும் மனுதாரர் பக்கம் இருந்தாலும் அந்த முறையீடு நடைமுறைக் குறையால் விழுந்துவிடும்.

உயர்கல்வி விஷயத்தில் தொகுப்பு ஏமாற்றமளிக்கிறது. 807 முதல் 821 வரை பதினைந்தே சட்டங்கள். முதல் எட்டும் கத்தோலிக்கப் பல்கலைக்கழகங்களைப் பற்றியவை, அடுத்த ஏழும் திருச்சபைப் பல்கலைக்கழகங்களையும் புலங்களையும் பற்றியவை. இரண்டும் ஒன்றில்லை என்பதைத் தொகுப்பு விளக்குவதில்லை. வாசகர்தான் ஊகித்துக்கொள்ள வேண்டும். கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் மருத்துவமும் பொறியியலும்கூட இருக்கலாம். ‘கத்தோலிக்க’ என்ற பெயரைச் சூட்டிக்கொள்ளத் திருச்சபை அதிகாரியின் இசைவு வேண்டும் என்பது எண் 808. அங்கே இறையியல் கற்பிப்பவருக்குத் திருச்சபை அதிகாரி தரும் ஆணைமடல் வேண்டும் என்பது 812. திருச்சபைப் பல்கலைக்கழகமோ திருப்பீடம் நிறுவியதாகவோ ஏற்றதாகவோ மட்டுமே இருக்க முடியும். அப்படி இல்லாத நிறுவனம் தரும் பட்டத்துக்குத் திருச்சபைக்குள் சட்ட விளைவு கிடையாது என்கிறது எண் 817.

இந்த ஒரு வரியின் கனத்தைத் தெரிந்துகொள்ள வேறு நூல்களுக்குப் போக வேண்டும். குருமடத்தில் மெய்யியல், இறையியல், சட்டம் கற்பிக்க எண் 253-இன்படி திருப்பீடம் ஏற்ற பல்கலைக்கழகத்தின் முனைவர் அல்லது லைசென்ஷியேட் (முனைவருக்கு முந்தைய பட்டம்) பட்டம் வேண்டும். மறைமாவட்டத்தின் தலைமை நீதிபதிக்குத் திருச்சபைச் சட்டத்தில் அதே தகுதியும் 30 வயதும் வேண்டும் என்பது 1420. மற்ற நீதிபதிகளுக்கு 1421, திருமணப் பிணைப்பின் காப்பாளருக்கு (வழக்கில் திருமணம் செல்லும் என்று வாதிடுபவர்) 1435. உலகப் புகழ் பெற்ற பல்கலைக்கழகத்தில் இறையியல் முனைவர் பட்டம் வாங்கியவர்கூட, அந்தப் பட்டத்துக்குத் திருப்பீடத்தின் ஏற்பு இல்லையென்றால், இந்தப் பதவிகளுக்கு உரிய தகுதியை அதனால் பெறுவதில்லை. படிக்கப் பணம் கட்டுமுன் கேட்க வேண்டிய கேள்வி, பட்டம் யார் பெயரில் வருகிறது, அதற்குத் திருப்பீட ஏற்பு உண்டா என்பது. சேர்ந்த பிறகு கேட்டால் பலனில்லை.

பாடத்திட்டம், ஆண்டுக்கணக்கு, ஆசிரியர் நியமனம் ஆகியவற்றின் விரிவான விதிகள் இந்தத் தொகுப்பில் இல்லை. கத்தோலிக்கப் பல்கலைக்கழகங்களுக்கு 1990 ஆகஸ்ட் 15 தேதியிட்ட ‘எக்ஸ் கோர்தே எக்லேசியே’ வேண்டும். திருச்சபைப் புலங்களுக்கு 1979-இன் ‘சாப்பியென்சியா கிறிஸ்தியானா’ இருந்த இடத்தில் இப்போது 2017 டிசம்பர் தேதியிட்ட ‘வெரித்தாத்திஸ் கௌதியும்’ இருக்கிறது. திருச்சபைச் சட்டம் படிக்க விரும்புகிறவர் எதிர்பார்க்க வேண்டிய காலமும் அதில்தான். இறையியல் பின்புலம் இல்லாதவருக்கு முதல் சுற்று 4 பருவம், லைசென்ஷியேட்டுக்கான இரண்டாம் சுற்று 6 பருவம், முனைவர் பட்டத்துக்கு அதன்பின் குறைந்தது 2 பருவம். இலத்தீன் கட்டாயம். தொகுப்பை வாங்குகிற கல்லூரி நிர்வாகி இந்த இரண்டு ஆவணங்களையும் சேர்த்தே வாங்க வேண்டும். தொகுப்பு மட்டும் போதும் என்று நினைத்தால் பாதிக் கேள்விகளுக்கு விடை கிடைக்காது.

சொத்து பற்றிய ஐந்தாம் நூல் அதற்கு நேர்மாறு. 57 சட்டங்களில் இவ்வளவு உபயோகமான பகுதி வேறெங்கும் இல்லை. நிலத்தை விற்பதற்கு நியாயமான காரணம் வேண்டும், நிபுணர்களின் எழுத்துபூர்வ மதிப்பீடு வேண்டும் (1293), பொதுவாக அந்த மதிப்புக்குக் குறைந்து விற்கக் கூடாது (1294). எந்தத் தொகைக்கு மேல் போனால் யாரிடம் அனுமதி என்பதை 1292 சொல்கிறது. தொகை மட்டும் அங்கே அச்சாகியிருக்காது. அந்தந்த நாட்டு ஆயர் பேரவை நிர்ணயிப்பது அது. பேரவையின் ஆணையை வாங்கி அந்தப் பக்கத்திலேயே செருகி வையுங்கள். அதே எண்ணின் மூன்றாம் பத்தியைப் பலர் படிப்பதே இல்லை. பிரிக்கக்கூடிய ஒரு சொத்தின் பகுதிகள் முன்பே விற்கப்பட்டிருந்தால், அனுமதி கேட்கும்போது அதைச் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் கிடைத்த அனுமதியே செல்லாது. பெரிய மனையைத் துண்டு துண்டாக விற்று வரம்புக்குள் நிற்கப் பார்ப்பவர்களை நிறுத்த எழுதிய பத்தி அது. நாட்டின் ஒப்பந்தச் சட்டத்தையும் திருச்சபை தனதாக ஏற்கிறது என்பது 1290. ஆகவே பத்திரம் எழுதும் வழக்கறிஞரும் இந்தப் பக்கங்களைப் படித்திருப்பது நல்லது.

எந்த வடிவில் வாங்குவது? அதிகாரபூர்வ வாசகம் இலத்தீன் மட்டும், மற்றவை மொழிபெயர்ப்புகள். ஆகவே ஒரு பக்கம் இலத்தீன், எதிர்ப்பக்கம் மொழிபெயர்ப்பு என்று அச்சான பதிப்பே சரி. இலத்தீன் அரைகுறையாகத் தெரிந்தாலும் ‘கொன்சென்சுஸ்’ எங்கே, ‘கொன்சிலியும்’ எங்கே என்று கண் பிடித்துவிடும். முன்னது இசைவு, பின்னது ஆலோசனை. ஒவ்வொரு சட்டத்துக்கும் மூல ஆவணங்களைச் சுட்டி வத்திக்கான் 1989-இல் வெளியிட்ட அடிக்குறிப்புப் பதிப்பு ஆய்வாளருக்குப் பொக்கிஷம்; அன்றாட அலுவலுக்கு அது தேவையில்லை, திருத்தங்களும் அதில் இல்லை. பொருளகராதி இல்லாத மலிவுப் பதிப்பை வாங்கினால் நேரம் வீணாகும். வத்திக்கான் இணையதளத்தில் தொகுப்பு இலவசமாகக் கிடைக்கிறது; திருத்தத்தைச் சரிபார்க்க அதையே பயன்படுத்துங்கள். குறிப்பெழுதவும், இரண்டு சட்டங்களை ஒப்பிடவும், வழக்குக் கோப்போடு மேசையில் வைக்கவும் அச்சுப் பிரதி வேண்டும்.

கிழக்குத் திருச்சபைகளைச் சேர்ந்தவர்கள் இதை வாங்கி ஏமாற வேண்டாம். இது இலத்தீன் திருச்சபைக்கு மட்டும் என்று எண் 1-லேயே எழுதியிருக்கிறது. அவர்களுக்கான தனித் தொகுப்பு 1990-இல் வெளியாகி 1991 அக்டோபர் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. 1546 சட்டங்கள், முற்றிலும் வேறு எண்வரிசை. கலப்புத் திருமணங்கள் வருகிற பங்கு அலுவலகத்தில் இரண்டு தொகுப்பும் இருக்க வேண்டும்.

ஏற்கெனவே பழைய பிரதி வைத்திருப்பவர் புதிதாக வாங்கியே ஆக வேண்டும் என்றில்லை. ஆறாம் நூலையும் 1671 முதல் 1691 வரையிலும் புதிதாக அச்சடித்து உள்ளே வைத்துவிட்டு, பழைய பக்கங்களில் பென்சிலால் ஒரு கோடு போடுங்கள், கிழிக்க வேண்டாம். மற்ற திருத்தங்களை ஓரத்தில் எழுதி ஒவ்வொன்றுக்கும் நடைமுறைக்கு வந்த தேதியைச் சேருங்கள். வத்திக்கான் தளத்தோடு கடைசியாக ஒப்பிட்டுப் பார்த்த நாளை முதல் வெற்றுத்தாளில் குறித்து வையுங்கள். அடுத்து எடுப்பவர் அந்தத் தேதியிலிருந்து தேடினால் போதும்.